பொற்றலையும் போலியும்

திருத்தணி முருகனைத் தணிகை மலையோடு சேர்த்து நெஞ்சுருகப் பாடியவர் வள்ளலார். சென்னையில் வளர்ந்த சிறு வயதில், வீட்டுக் கண்ணாடியில் தணிகை முருகனைக் கண்டார் என்பது அவர் வாழ்க்கை வரலாற்றில் பலரும் அறிந்த செய்தி. அதே வள்ளலார் பிற்காலத்தில் தம் அன்பர்களுக்கு அன்றாட ஒழுக்கமாக நித்திய கரும விதியை வகுத்தபோது, தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் ஆகியவற்றோடு இன்னோர் இலையையும் சொன்னார். அதற்கு அவர் தரும் பெயர் பொற்றலைக் கையாந்தகரை. கையாந்தகரை என்பது கரிசலாங்கண்ணியின் பழம்பெயர்களில் ஒன்று. அந்த இனத்தில் பொன்னிறத் தலை கொண்டது பொற்றலை. கீரைக்காரர்களும் நாட்டு மருந்துக் கடைக்காரர்களும் இன்று மஞ்சள் கரிசலாங்கண்ணி என்பது இதைத்தான். பொற்பூ என்று சொல்லாமல் பொற்றலை என்று சொன்னவர் யாரோ, செடியைக் கையில் எடுத்து நன்றாகப் பார்த்தவராக இருக்க வேண்டும். ஏனென்றால் தாவரவியலும் அதைத் தலை என்றே சொல்கிறது.

சூரியகாந்திக் குடும்பத்தில் நாம் பூ என்று பறிப்பது ஒரு பூவே கிடையாது, ஒரு கூட்டம். சாமந்தி, சூரியகாந்தி, கரிசலாங்கண்ணி எல்லாம் இந்தக் குடும்பத்தவை. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உலகெங்கும் பரவியிருக்கும் இந்தக் குடும்பத்தின் அடையாளமே இந்தக் கூட்டுப் பூதான். காம்பின் நுனி தட்டையாகி ஒரு மேடை ஆகிறது. மேடையின் நடுவில் குழல் போன்ற நுண்பூக்கள் நெருக்கமாக நிற்கின்றன. விளிம்பில் நிற்கும் பூக்களின் இதழ்கள் ஒரே பக்கமாக நீண்டு நாக்குப் போல் விரிகின்றன. நாம் இதழ் என்று எண்ணும் ஒவ்வொன்றும் தனித்தனி பூ. தொலைவில் வரும் தேனீயை அழைப்பது விளிம்பின் வேலை. மகரந்தமும் தேனும் பெரும்பாலும் நடுவின் வேலை. ஒரு முறை வந்து உட்காரும் பூச்சிக்குப் பல பூக்கள் கிடைக்கின்றன. ஒரு வருகையில் பல பூக்கள் சூல்கொள்கின்றன. வேலைப் பங்கீடு இருக்கும் இந்த அமைப்பைத் தலை என்று ஒரே சொல்லில் பிடித்த தமிழ்ப் பெயர், செடியை அடையாளம் காட்டும் கருவியாகவே செயல்பட்டது. அந்தக் கருவி இப்போது மழுங்கி வருகிறது என்பதும், அதை மறுபடி தீட்டுவது மருந்துக்கும் ஏரிக்கும் அவசியம் என்பதும்தான் இங்கே நான் சொல்ல வருவது.

கரிசலாங்கண்ணி என்ற பெயரைச் சுற்றி இன்று மூன்று செடிகள் நிற்கின்றன. முதலாவது வெள்ளைத் தலை கொண்டது. வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானாக முளைப்பது. இலையைக் கசக்கினால் சாறு கருப்பது. பழைய நாளில் கண் மைக்கும் இன்றுவரை தலை எண்ணெய்க்கும் போவது. தாவரவியலில் இது எக்லிப்டா ப்ராஸ்ட்ரேட்டா. இரண்டாவது பொற்றலை, ஈர நிலத்தில் படர்ந்து வளர்வது, கணுக்களில் வேர் விட்டுப் பல ஆண்டு வாழ்வது. இதன் இன்றைய பெயர் ஸ்ஃபாக்னெட்டிகோலா காலெண்டுலேசியா. மூன்றாவது, நர்சரிகளில் வெடேலியா என்று விற்கப்படும் தரைவிரிப்புச் செடி. இதுவும் மஞ்சள் தலை கொண்டது, இதுவும் படர்வது, இதுவும் பல்லாண்டு வாழ்வது, பேரினமும் அதே ஸ்ஃபாக்னெட்டிகோலாதான். முழுப்பெயர் ஸ்ஃபாக்னெட்டிகோலா ட்ரைலோபேட்டா. தாயகம் மெக்ஸிகோ, கரீபியன் தீவுகள் தொடங்கித் தென் அமெரிக்கா வரை. உலகின் மிகக் கேடான 100 அயல் ஆக்கிரமிப்பு இனங்கள் என்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர் குழு தொகுத்த பட்டியலில் இதன் பெயர் இருக்கிறது. ஆங்கிலத்தில் சிங்கப்பூர் டெய்சி என்பார்கள். சிங்கப்பூருக்கும் இதன் பிறப்புக்கும் தொடர்பே இல்லை.

குழப்பம் எப்படி வந்தது என்பதைப் பெயர்களின் வரலாறே காட்டுகிறது. பொற்றலையை 1753இல் லின்னேயஸ் வெர்பெசினா என்ற பேரினத்தில் வைத்தார். அமெரிக்கச் செடியை 1759இல் சில்ஃபியம் என்ற வேறொரு பேரினத்தில் வைத்தார். 1760இல் ஜாக்குவின் என்ற தாவரவியலாளர், ஜெர்மனியின் யெனா நகரப் பேராசிரியர் கேயார்க் வொல்ஃப்காங் வேடல் நினைவாக வெடேலியா என்ற பேரினத்தை உருவாக்கினார். இரண்டு செடிகளும் பின்னாளில் அதற்குள் வந்து சேர்ந்தன. இந்திய மருந்து நூல்களும் ஆய்வுக் கட்டுரைகளும் இருபதாம் நூற்றாண்டு முழுவதும் பொற்றலையை வெடேலியா காலெண்டுலேசியா என்றோ வெடேலியா சைனென்சிஸ் என்றோதான் எழுதின. 1996இல் ஜான் ப்ரூஸ்கி என்பவர், தென் அமெரிக்கச் செடி ஒன்றுக்காக 1900இல் ஹாஃப்மன் அமைத்திருந்த ஸ்ஃபாக்னெட்டிகோலா என்ற சிறிய பேரினத்துக்கு இரண்டையும் மாற்றினார். பாசிச் சதுப்பில் வாழ்வது என்பது அந்தப் பெயரின் பொருள். அறிவியல் நகர்ந்துவிட்டது; நர்சரி நகரவில்லை. தோட்டச் செடிக்கு வெடேலியா என்ற பழைய பெயரே நின்றுவிட்டது. இதனால் நர்சரியில் வெடேலியா என்று கேட்டு வாங்கியவர், மருந்து நூலில் வெடேலியாவின் குணங்களைப் படித்தால், தன் வீட்டு வாசலில் இருப்பது மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று முடிவுகட்ட எல்லா நியாயமும் இருக்கிறது. மஞ்சள் பூ இருக்கிறது, படர்கிறது, பெயரும் பொருந்துகிறது. அவர் மேல் பிழை சொல்ல முடியாது.

அறிவியல் பெயரே இத்தனை முறை மாறியிருக்கும்போது அதை நம்பி நாட்டுப் பெயரைத் திருத்துவது எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் அறிவியல் பெயர் மாறும்போது பழைய பெயர் தொலைந்துபோவதில்லை. இன்ன பெயர் இன்ன பெயருக்குச் சமம் என்ற பேரேடு தொடர்கிறது. ஒவ்வொரு பெயரும் எங்கோ ஓர் உலர் செடித் தொகுப்பில் இருக்கும் மாதிரித் தாளோடோ படத்தோடோ கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே 1753இன் வெர்பெசினாவைத் தேடிப் போகிறவர் இன்றைய செடிக்கே வந்து சேர்வார். நாட்டுப் பெயருக்கு அப்படி ஒரு பேரேடு கிடையாது. அதைக் காப்பாற்றுவது, பேசுகிறவர்கள் செடியைப் பார்க்கும் பார்வை ஒன்றுதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெள்ளையையும் மஞ்சளையும் ஒரே கரிசலாங்கண்ணிக்குள் வைத்த தமிழ்ப் பெயர், தாவரவியலுக்கு எதிராகப் போகவில்லை. எக்லிப்டாவும் ஸ்ஃபாக்னெட்டிகோலாவும் வேறு வேறு பேரினங்கள் என்றாலும், சூரியகாந்திக் குடும்பத்துக்குள் இரண்டும் ஒரே துணைக்குழுவில், நெருங்கிய பங்காளிகளாகத்தான் இருக்கின்றன.

அந்த உறவுக்கு வேதியியல் சாட்சியும் உண்டு. அது சென்னையிலிருந்தே வந்தது. மாநிலக் கல்லூரியில் தி. ஆர். கோவிந்தாச்சாரி, கே. நாகராஜன், பி. ஆர். பாய் ஆகியோர் மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலையைப் பகுத்து, அதிலிருந்து ஒரு சேர்மத்தைப் பிரித்து, அதன் கட்டமைப்பை 1956இல் லண்டன் வேதியியல் கழக இதழில் வெளியிட்டார்கள். செடியின் அன்றைய பெயரை வைத்து அதற்கு வெடலோலாக்டோன் என்று பெயர். பதினாறு கார்பன், பத்து ஹைட்ரஜன், ஏழு ஆக்சிஜன் அணுக்கள் கொண்ட, குமெஸ்டான் வகையைச் சேர்ந்த சேர்மம் அது. அதே சேர்மம் வெள்ளைக் கரிசலாங்கண்ணியிலும் இருப்பதை அந்தக் குழுவே கண்டது. கருவிகள் மிகக் குறைவாக இருந்த காலம். இலையைக் காய்ச்சி, வடித்து, படிகமாக்கி, துண்டு துண்டாகச் சிதைத்து, மறுபடி கட்டிப்பார்த்துத்தான் ஒரு மூலக்கூறின் வடிவத்தை உறுதி செய்ய வேண்டும். உலக ஆய்வகங்கள் இன்று விலை கொடுத்து வாங்கிப் பயன்படுத்தும் ஒரு சேர்மம், நம் கீரைப் பாத்தியிலிருந்து கிளம்பி மெரினா எதிரில் இருக்கும் கல்லூரியில் வடிவம் பெற்றது என்பது நம் பள்ளிப் பாடங்களில் இடம்பெற வேண்டிய செய்தி. 1986இல் ஜெர்மனியில் வாக்னர் குழுவினர், அழற்சியைத் தூண்டும் பொருள்களை உடலில் உருவாக்கும் ஒரு நொதியை வெடலோலாக்டோன் தடுப்பதைக் காட்டினார்கள். கண்ணாடிக் குழாயில் நொதியைத் தடுப்பது வேறு, காமாலையைக் குணமாக்குவது வேறு. இரண்டுக்கும் நடுவே நீண்ட தூரம் இருக்கிறது. ஆனாலும் கல்லீரலுக்கு இரண்டு கரிசலாங்கண்ணிகளையும் நாடிய சித்த மருத்துவ மரபு, அவற்றை ஒரே பெயரின் கீழ் கொண்டுவந்ததற்கு ஒரு காரணம் இலைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

இங்கேதான் எளிதில் தவறு நேர்கிறது. வேறு பேரினமான வெள்ளையே மஞ்சளைப் போன்ற சேர்மத்தைத் தருகிறது என்றால், ஒரே பேரினத்தைச் சேர்ந்த அமெரிக்கச் செடி இன்னும் நெருக்கமாகத்தானே இருக்கும், அதைக் கீரையாகச் சமைத்தால் என்ன? உறவு குணத்துக்கு உத்தரவாதம் தராது என்பதே இதற்கு விடை. கத்தரியும் சுண்டையும் மணத்தக்காளியும் சேர்ந்த அதே பேரினத்தில் உருளைக்கிழங்கும் இருக்கிறது. கிழங்கைத் தின்கிறோம் என்பதற்காக உருளை இலையைப் பொரியல் செய்வதில்லை. ட்ரைலோபேட்டாவின் வேதியியலில் முன்னால் நிற்பவை கௌரீன் வகை டைட்டெர்பீன்கள். அவற்றில் முக்கியமானது கௌரீனோயிக் அமிலம். இந்தச் செடியை மேய்ந்த கால்நடைகளில் கருச்சிதைவு ஏற்பட்டதற்கு இந்த அமிலமே காரணம் என்று பதிவுகள் சொல்கின்றன. தென் அமெரிக்க மக்கள் இதைத் தங்கள் நாட்டு மருத்துவத்தில் பயன்படுத்துவது உண்மைதான். அவர்கள் அந்தச் செடியை அறிந்து, அவர்களுடைய அளவில், அவர்களுடைய நோய்க்குக் கொடுக்கிறார்கள். நாம் வேறொரு செடி என்று நினைத்துக்கொண்டு, நம் கீரையின் அளவில், கருவுற்ற பெண்ணுக்கும் சமைத்துப் போடுவது முற்றிலும் வேறு காரியம். இலை முழுதாக இருக்கும்வரை பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். காய வைத்துப் பொடியாக்கிப் பொட்டலம் கட்டிய பிறகு, கண்ணுக்கு எல்லாப் பச்சைப் பொடியும் ஒன்றுதான்.

மருந்தின் கதை இப்படி என்றால், மண்ணின் கதை இன்னும் பெரியது. பல்லாண்டுத் தாவரம் என்ற சொல்லை நாம் ஆயுளின் அளவாகவே எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அது ஒரு வாழ்க்கை முறை. வெள்ளைக் கரிசலாங்கண்ணி பெரும்பாலும் ஓராண்டுச் செடி. முளைத்து, பூத்து, விதை சிந்தி, மடிந்துவிடும். அதன் எதிர்காலம் விதையில் இருக்கிறது. படரும் ஸ்ஃபாக்னெட்டிகோலாவின் எதிர்காலம் கணுவில் இருக்கிறது. ஒவ்வொரு கணுவும் ஒரு மொட்டும் வேர்விடும் திறனும் கொண்ட முழுச் செடி. கணுவோடு ஒரு துண்டு ஈர மண்ணில் விழுந்தால் போதும். ட்ரைலோபேட்டா தான் புகுந்த நாடுகளில் விதையால் பரவுவதே அரிது. கிட்டத்தட்ட முழுவதும் தண்டுத் துண்டால்தான் பரவுகிறது. பொற்றலையும் கணுவில் வேர் விடுவதுதான். ஆனால் இந்த மண்ணின் பூச்சிகளும் பூஞ்சைகளும் அதை நீண்ட காலமாக அறியும். தின்னும், நோயாக்கும், அடக்கும். புதிதாக வந்தது தன் பகைவர்களைத் தாயகத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறது. அதன் இலையிலிருந்து கசியும் பொருள்கள் பக்கத்துச் செடிகளின் முளைப்பையும் வளர்ச்சியையும் தடுப்பதைச் சீன ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அது கம்பளம் போல் மூடும் இடத்தில் வேறு எதுவும் எழுவது கடினம். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் இதைக் கட்டுப்படுத்தப்பட்ட கேடான களையாகச் சட்டமே வகைப்படுத்தியிருக்கிறது. பக்கத்துக் கேரளத்தில் இது அயல் ஆக்கிரமிப்புத் தாவரமாகப் பதிவாகியிருக்கிறது.

அரக்கோணம் போன்ற ஒரு வட்டாரத்தில் இது ஏன் தனிக் கவலைக்கு உரியது என்பதை நீரின் பாதையை வைத்துப் பார்க்க வேண்டும். இது ஏரிப் பாசனப் பூமி. பக்கத்து மகேந்திரவாடியில் பாறையைக் குடைந்து பெருமாளுக்குக் கோயில் எடுத்த மகேந்திரவர்மன், 7ஆம் நூற்றாண்டிலேயே தன் பெயரில் ஒரு ஏரியையும் விட்டுச் சென்றான். மகேந்திர தடாகம் என்று கல்வெட்டு அதைச் சொல்கிறது. இந்த ஏரிகள் தனித்தனிக் குட்டைகள் இல்லை. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக உபரி நீர் கீழ் ஏரிக்குப் போகும். மதகு திறந்தால் வாய்க்கால் வழியாக வயலுக்குப் போகும். வயல் வடிகால் மறுபடி ஓடையில் சேரும். நீரைச் சிக்கனமாகக் கைமாற்ற நம் முன்னோர் கட்டிய இந்தச் சங்கிலி, நீரில் மிதக்கும் ஒவ்வொரு தண்டுத் துண்டுக்கும் நல்ல போக்குவரத்துப் பாதை. தெருவோரத் தோட்டத்தில் வெட்டிய கழிவை ஒருவர் வாய்க்காலில் கொட்டினால், மிச்ச வேலையை அடுத்த மழை செய்துவிடும். துண்டு ஒதுங்கும் இடம் ஏரியின் ஈரக் கரை. அதுவே இந்தப் பேரினத்துக்குப் பிடித்த வீடு. தக்கோலத்துக்குப் பக்கத்தில் கேசாவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையாற்றிலிருந்து கூவம் பிரிகிறது. ஒரு கிளை சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி நீர்த்தேக்கத்தை நோக்கியும் மற்றொன்று நகரத்துக்குள்ளும் போகிறது. இந்த வட்டாரத்து ஓடைகளில் விழுவது இந்த வட்டாரத்திலேயே நிற்பதில்லை.

வெளியிலிருந்து வந்தது என்பதற்காகவே ஒரு செடியை வெறுப்பது சரியா என்று கேட்பவர்களுக்கு என் பதில், சரியில்லை என்பதுதான். மிளகாயும் நிலக்கடலையும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை; அவை இல்லாமல் நம் அடுப்பு எரியாது. திருத்தணி மலையேறும் மாலைகளில் தொங்கும் துலுக்கச் சாமந்தியும் மெக்ஸிகோவில் பிறந்ததுதான். இதே சூரியகாந்திக் குடும்பம், இதே மஞ்சள், ஏறக்குறைய இதே தாயகம். அது விதைத்த பாத்தியில் நிற்கிறது, பூத்து முடிந்ததும் மடிகிறது, அடுத்த பருவத்துக்கு உழவன் கையை எதிர்பார்க்கிறது. ஆகவே பிறந்த ஊரை வைத்து நான் இங்கே எதையும் தள்ளவில்லை. விட்ட இடத்தில் நிற்கிறதா, மூடிய இடத்தை மற்றவற்றுக்கு விடுகிறதா என்று நடத்தையைப் பார்க்கிறேன். நிழல் மரம், விறகு, வேலி என்ற நல்ல காரணங்களோடு வந்த சீமைக் கருவேலம் என்ன ஆனது என்பது ஒவ்வொரு ஏரி உட்புறத்திலும் தெரிகிறது. தமிழ்நாடு அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்ற 2022இல் தனிக் கொள்கையே வகுக்க வேண்டி வந்தது. முள் இருந்ததால் கருவேலத்தின் கேடு சீக்கிரம் உறைத்தது. இது முள் இல்லாத, அழகாகப் பூக்கும் செடி. கேடு உறைக்கத் தாமதமாகும்.

தோட்டக்கலைஞர்கள் இதன் பக்கம் சொல்லும் வாதத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும். குறைந்த பராமரிப்பில், வெயிலிலும் அரை நிழலிலும், ஆண்டு முழுவதும் பச்சையாக மண்ணைப் பிடித்துக்கொள்ளும் செடிகள் அதிகம் இல்லை. நாலாபுறமும் காங்கிரீட் சூழ்ந்த சாலை நடுத்திட்டில் அது இருப்பதில் ஆபத்து குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடுத்திட்டுச் செடியும் வெட்டப்படுகிறது, வெட்டிய கழிவு லாரியில் ஏறி எங்கோ ஒரு குட்டை ஓரத்தில் இறங்குகிறது. அந்த இரண்டாவது பயணத்தைச் செடியின் விலையில் யாரும் கணக்கிடுவதில்லை. மண்ணைப் பிடிக்கத் தரைவிரிப்புச் செடிதான் வேண்டும் என்றால், ஓடைக்கரைக்கும் ஈர நிலத்துக்கும் பொடுதலையும் வல்லாரையும் இருக்கின்றன, பொற்றலையே இருக்கிறது.

இதையெல்லாம்விட எனக்கு அச்சம் தருவது தென் சீனத்திலிருந்து வந்த ஒரு செய்தி. பொற்றலை அங்கும் இயற்கையாக வளர்வது. மக்கள் மருந்தாகக் காய்ச்சிக் குடிப்பது. அமெரிக்கச் செடியும் தோட்டங்களுக்கு வந்து வெளியேறிவிட்டது. இரண்டும் சேர்ந்து வளரும் இடங்களில் இரண்டுக்கும் நடுவான இலை கொண்ட செடிகள் தென்பட்டன. அவை இரண்டின் இயற்கையான கலப்பினம் என்று 2013இல் மரபணுச் சான்றோடு ஆய்வாளர்கள் உறுதிசெய்தார்கள். ஒரு புதிய ஆக்கிரமிப்புச் செடி உருவாகிறதா என்பதே அந்தக் கட்டுரை எழுப்பிய கேள்வி. கணுவால் பரவும் செடிக்கு விதை வளம் குறைவாக இருந்தாலும் கவலை இல்லை. ஒரே ஒரு கலப்பினச் செடி தண்டுத் துண்டாகவே ஊர் நிரப்ப முடியும். பெயரில் நடக்கும் கலப்பைப் பார்வையால் திருத்தலாம். செடிக்குள்ளேயே கலப்பு நடந்துவிட்டால் எந்தப் பார்வையும் திருத்த முடியாது. இரண்டையும் ஒரே வீட்டுத் தோட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் வளர்ப்பது, அந்தக் கலப்புக்கு நாமே பந்தல் போடுவது போல.

வேறுபாட்டைக் காணப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பூவைப் பார்த்தால் ஏமாறுவோம். இலையைப் பார்க்க வேண்டும். பொற்றலையின் இலை ஒடுங்கி நீண்டு, ஈட்டி முனை போல இருக்கும், விளிம்பில் ஆங்காங்கே சிறு பற்கள், தடவினால் சொரசொரப்பு. ட்ரைலோபேட்டாவின் இலை அகன்று, தடித்து, பளபளவென்று இருக்கும். நடு மடலின் இருபக்கமும் இரண்டு சிறு மடல்கள் பிரிந்து மூன்று முனையாகத் தெரியும். பெயரிலேயே அந்த மூன்று மடல் இருக்கிறது. இளந்தண்டிலும் நிழலிலும் மடல் சரியாகப் பிரியாத இலைகள் வரும் என்பதால், ஓர் இலையோடு முடிவு செய்யாமல் ஒரு கொடியின் பத்து இலைகளையாவது பார்ப்பது நல்லது. பொற்றலையின் தலை பொதுவாகச் சிறியது, மற்றதன் தலை பெரியது, ஆரஞ்சு சாயல் கொண்டது என்றாலும் இது துணை அடையாளம்தான்.

பெயர் விஷயத்தில் தமிழுக்குக் கையில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது: கருவேலத்தோடு சீமையைச் சேர்த்தது போல, அயலிலிருந்து வந்ததற்குச் சீமை என்று முன்னொட்டு வைப்பது. சீனர்களும் இதையே செய்தார்கள். தங்கள் பொற்றலையின் பெயருக்கு முன் தென் அமெரிக்கா என்று சேர்த்து மற்றதை அழைக்கிறார்கள். இருந்தும் இதைச் சீமைக் கரிசலாங்கண்ணி என்று அழைக்க நான் தயங்குகிறேன். கருவேலத்தை யாரும் சமைப்பதில்லை, கரிசலாங்கண்ணி கீரை. அந்தப் பெயர் ஒட்டியிருக்கும்வரை யாரோ ஒருவர் அதைப் பறித்துக் கடைவார். அது வெடேலியா என்றே இருந்துவிட்டுப் போகட்டும். கரிசலாங்கண்ணி என்ற சொல்லை மட்டும் அதன் பக்கத்தில் வைக்க வேண்டாம். நாற்று விற்பவர் அட்டையில் இலையின் படத்தோடு இதை எழுதி வைத்தால் பாதி வேலை முடிந்தது. வீட்டில் ஏற்கெனவே இருப்பதை எடுக்க நினைப்பவர்கள், மண் ஈரமாக இருக்கும்போது கணு வேர்களோடு மெதுவாக இழுத்து எடுத்து, காங்கிரீட் தரையிலோ தகரத்தின் மேலோ பரப்பி, தண்டு ஒடித்தால் படபடவென்று முறியும்வரை வெயிலில் காய விட வேண்டும். பச்சைத் தண்டோடு குப்பையில் போட்டால் குப்பையிலேயே வேர் விடும். எடுத்த இடத்தை அடுத்த மழைக்குப் பிறகு மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும். மண்ணில் தங்கிய கணு ஒன்றாவது தளிர்த்திருக்கும்.